பைபர் படகும் கொப்புள நோயும்

பழவேற்காடு முதல் நீரோடி வரையில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் தமிழ்நாட்டுக் கடற்கரையில், ஒரு தலைமுறைக்கு முன் கட்டுமரங்களும் மர வள்ளங்களும் நிறைந்திருந்த மணல்மீது, இன்று கண்ணாடி நாரினாற் செய்த படகுகளே பெரும்பாலும் காணப்படுகின்றன. கடற்கரை ஜனங்கள் அதற்குப் பைபர் படகு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாமும் அப்பெயராலேயே அதை அழைப்போம். இப்படகை விற்பவர்கள் அதற்கு நான்கு குணங்கள் கூறுவது வழக்கம். அது உளுத்துப் போகாது, கடற்புழு அதை அரிக்காது, இரும்பைப்போல் துருப்பிடிக்காது, தண்ணீர் அதில் ஊறாது. இந்நான்கில் முதல் மூன்றும் உண்மை. நான்காவது உண்மையன்று. அந்த ஒரு தவறான நம்பிக்கையினால் விளையும் நஷ்டத்தைப்பற்றியும், அதைத் தடுக்கும் மார்க்கத்தைப்பற்றியும் இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

படகின் அடிப்புறத்தில், நீர் மட்டத்துக்குக் கீழே, முதலில் மிளகளவிலும் பின்னர் நாணய அளவிலும் கொப்புளங்கள் கிளம்புவதை மீனவர் பலர் கண்டிருப்பார்கள். பெயிண்ட் சரியில்லை என்று எண்ணிச் சுரண்டிவிட்டு மறுபடியும் பெயிண்ட் அடிக்கிறார்கள். அடுத்த வருஷம் கொப்புளம் இரட்டிப்பாகிறது. நோய் தோலில் இல்லை, சதையில் இருக்கிறது என்பதை அறியாததே இதற்குக் காரணம்.

பட்டணத்து வாசகர்களுக்கு இது அற்ப விஷயமாகத் தோன்றலாம். படகும் எஞ்சினும் வலையுமே ஒரு மீனவக் குடும்பத்தின் முழு ஆஸ்தி என்பதை அவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். அந்த ஆஸ்தி பெரும்பாலும் கடனில் வந்தது. நகையை அடகு வைத்தோ, மீன் வியாபாரியிடம் முன்பணம் பெற்றோ, பாங்கியில் கையெழுத்திட்டோ வாங்கியது. கடன் தீருமுன் படகு தீர்ந்துவிட்டால் அக்குடும்பத்தின் கதி என்ன என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை.

கொப்புளம் எப்படி உண்டாகிறது?

பைபர் படகில் வெளித்தோல்தான் முதலில் செய்யப்படுகிறது. படகின் வடிவமுள்ள அச்சுக்கு மெழுகு பூசி, அதன்மேல் ஜெல்கோட் என்னும் வர்ணப் பிசினை ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசுகிறார்கள். அது இறுகத் தொடங்கியபின் கண்ணாடி நாராலான பாயை விரிக்கிறார்கள். தொழிலாளர் இதை மேட் என்பர். அதைப் பாலியெஸ்டர் ரெசினால் நனைத்து, உருளையால் உருட்டிக் காற்றை வெளியேற்றுகிறார்கள். இவ்வாறு பாயும் ரெசினும் அடுக்கடுக்காக ஏறியபின் அச்சிலிருந்து படகு எடுக்கப்படுகிறது. ரெசின் தானாக இறுகுவதன்று. காட்டலிஸ்ட் என்னும் திரவத்தை நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரையில் கலந்தால்தான் அது ரஸாயன மாறுதல் அடைந்து கல்லாகிறது. இந்த மாறுதல் பூரணமாக நடந்ததா, அரைகுறையாக நின்றதா என்பதைப் பொறுத்தே படகின் ஆயுள் இருக்கிறது.

பளபளவென்று கண்ணாடிபோல் தோன்றும் ஜெல்கோட் உண்மையில் ஒரு மெல்லிய சவ்வே. நீரின் நுண்ணிய அணுத்திரள்கள் மிக மெதுவாக அதை ஊடுருவிச் செல்லும். ஊடுருவிய நீர் மறுபுறம் ஆவியாகிப் போய்விட்டால் தீங்கில்லை. ஆனால் உள்ளே நீரிற் கரையக்கூடிய வஸ்து ஏதேனும் அகப்பட்டால் விபரீதம் ஆரம்பமாகிறது. இறுகாமல் எஞ்சிய ரெசினின் பகுதிகள், மேட்டின் நார்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் பசை, உருளைக்குத் தப்பிய காற்றுக் குமிழ்கள் ஆகிய இவை உள்ள இடத்தில் ஒரு துளி கரைசல் உண்டாகிறது. உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் இட்டால் அது உப்பிப் பருப்பதை எல்லோரும் அறிவார்கள். உள்ளிருக்கும் சர்க்கரை வெளியிலுள்ள தண்ணீரைத் தோல் வழியாக இழுக்கிறது. படகின் தோலுக்குள் நடப்பதும் இதுவே. கரைசல் தண்ணீரை இழுக்கிறது. தண்ணீர் சேரச் சேர அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் தாங்காமல் ஜெல்கோட் மேலே கிளம்பிக் கொப்புளமாகிறது.

நோய் இத்துடன் நிற்பதில்லை. பாலியெஸ்டர் ரெசின் என்பது அமிலமும் கிளைக்கால் என்னும் வஸ்துவும் கூடி உண்டானது. உள்ளே தங்கிய நீர் நாளடைவில் இக்கூட்டைப் பிரித்து அவற்றைத் திரும்ப வெளிப்படுத்துகிறது. வெளிப்பட்டவை நீரிற் கரைந்து, மேலும் நீரை இழுக்கின்றன. இவ்வாறு நோயே நோய்க்கு உணவாகிறது. கொப்புளத்தைக் குத்தினால் வெளிவரும் திரவம் பிசுபிசுப்பாகவும், காடியைப்போன்ற புளித்த வாசனையுடனும் இருப்பதற்குக் காரணம் இதுதான். நீல லிட்மஸ் காகிதத்தை அதில் நனைத்தால் சிவந்துவிடும். வெறும் பெயிண்ட் கொப்புளத்துக்கும் படகின் உள்நோய்க்கும் உள்ள வித்தியாசத்தை அறிய இதைவிட மலிவான பரிசோதனை இல்லை.

மேல்நாட்டார் கற்ற பாடம்

இப்படகுகள் 1940-களில் அமெரிக்காவில் தோன்றி, இரண்டாவது மகாயுத்தத்துக்குப்பின் உலகமெங்கும் பரவின. இது சாசுவதமான பதார்த்தம் என்ற எண்ணமே ஆரம்பத்தில் அங்கும் நிலவியது. ஆனால் 1970-களிலும் 1980-களிலும் உல்லாசப் படகுகளின் அடிப்புறம் ஆயிரக்கணக்கில் கொப்புளித்தபோது அந்த எண்ணம் கலைந்தது. அமெரிக்கக் கடற்காவற் படையின் பொருட்டு ரோட் ஐலண்ட் சர்வகலாசாலையைச் சேர்ந்த தாமஸ் ராக்கெட், வின்ஸென்ட் ரோஸ் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் இதன் காரணங்களை ஆராய்ந்து 1987-ம் வருஷத்தில் அறிக்கை சமர்ப்பித்தார்கள். படகின் பரப்புக்குள் சிக்கிக்கொண்ட, நீரிற் கரையும் வஸ்துக்கள்மீது அவர்களுடைய ஆராய்ச்சி பழியைச் சுமத்தியது. அதன் பின்னர் அந்நாட்டுப் படகுத் தொழிலாளர் வெளித்தோலுக்கு மேலான ரெசினை உபயோகிக்கத் தொடங்கினார்கள்.

அங்கே படகு தனவந்தர்களின் விளையாட்டுப் பொருள். கொப்புளம் வந்தால் ஒரு கோடைகாலத்து உல்லாசம் கெடும், அவ்வளவே. இங்கே அதே கொப்புளம் ஒரு குடும்பத்தின் சோற்றில் விழுகிறது. பொழுதுபோக்குக்குப் படகு வைத்திருந்தவர்கள் கற்ற பாடம், பிழைப்புக்குப் படகு வைத்திருப்பவர்களுக்கு இன்னும் முழுதும் எட்டவில்லை என்பது வருந்தத்தக்கது.

நமது கரையின் விசேஷம்

இந்நோய் நமது கரையில் குறைவாயிருக்கவும் காரணம் உண்டு. அதிகமாயிருக்கவும் காரணம் உண்டு. இரண்டையும் நடுநிலைமையுடன் எடுத்துரைப்பது நமது கடமை.

குறைவதற்குக் காரணம், படகைக் கரையேற்றும் பழைய வழக்கம். கடலிலிருந்து திரும்பியதும் கட்டுமரத்தின் கட்டுகளை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் போட்டு வெயிலில் உலர்த்துவது நமது முன்னோரின் முறை. இலேசான மரம் நீரை உறிஞ்சிக் கனத்துவிடும் என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். மரமும் மூச்சுவிட வேண்டும் என்பது அவர்கள் சாஸ்திரம். இன்றும் திறந்த மணற்கரைகளில் பைபர் படகை அன்றாடம் இழுத்து மேலேற்றும் ஊர்களில், அப்படகு பாதி நேரம் வெயிலில் காய்கிறது. உள்ளே புகுந்த நீர் வெளியேற அவகாசம் கிடைக்கிறது. அவ்வூர்களில் கொப்புளத்தைவிட, மணலில் இழுபட்டு அடிப்புறம் தேய்வதே பெரிய தொல்லை.

மீன்பிடித் துறைமுகங்களிலும், ஆற்று முகத்துவாரங்களிலும், அலை குறைந்த பாக் ஜலசந்திக் கரையிலும் நிலைமை வேறு. அங்கே படகு இரவும் பகலும் நீரிலேயே மிதந்துகொண்டிருக்கிறது. அலைதடுப்புச் சுவரும் துறைமுகமும் பெருகப் பெருக, கரையேறாத படகுகளின் தொகையும் பெருகும். வசதி வந்தது நல்லதே. ஆனால் பழைய வழக்கம் செய்துவந்த உபகாரத்தை இனி வேறு வகையில் நாம் செய்துகொள்ள வேண்டும்.

அதிகமாவதற்குரிய காரணங்களில் முதலாவது உஷ்ணம். 10 டிகிரி உஷ்ணம் ஏறினால் இத்தகைய ரஸாயன மாறுதல்களின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது பொதுவான கணக்கு. குளிர்நாட்டுக் கடலில் பல வருஷங்களில் வரும் நோய், நமது வெதுவெதுப்பான கடலில் அதற்கு வெகு முன்னதாகவே வரக்கூடும்.

இரண்டாவது, பலரும் எண்ணிப்பாராத காரணம்: நல்ல தண்ணீர். உப்பு நீரைவிட நல்ல நீரே கொப்புளத்தை விரைவில் உண்டாக்குகிறது. முன் சொன்ன திராட்சையை உப்புக் கரைசலில் இட்டால் அவ்வளவாக உப்பாது என்பதை நினைத்தால் இதன் காரணம் விளங்கும். மீனுக்குப் போடும் ஐஸ் உருகிய தண்ணீர் படகின் அடித்தளத்தில் தேங்குகிறது. ஐப்பசி, கார்த்திகை மழை நீரும் படகுக்குள் நாட்கணக்கில் நிற்கிறது. வெளிப்புறத்துக்காவது ஜெல்கோட் என்னும் தோல் இருக்கிறது. உட்புறத்துக்குப் பெரும்பாலும் அதுவுமில்லை. ஆகவே படகு வெளியே கடல் நீரையும், உள்ளே ஐஸ் நீரையும் ஏககாலத்தில் குடிக்கிறது.

மூன்றாவது, அவசரத்தில் கட்டிய படகுகள். 2004-ம் வருஷம் டிசம்பர் மாதம் 26-ந் தேதி ஆழிப்பேரலை நமது கரையை அழித்தது. நாகப்பட்டினம் ஜில்லாவில் நேர்ந்த சேதம் எல்லாவற்றிலும் கொடியது. படகிழந்தவர்களுக்குப் படகு கொடுக்கத் தேசமெங்குமிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் பணம் வந்தது. குறுகிய காலத்தில் ஏராளமான பைபர் படகுகள் தேவைப்பட்டதால், புதிய கூடங்கள் தோன்றின. பழகாத கைகளும் வேலையில் இறங்கின. தரத்தைப்பற்றிய புகார்கள் அக்காலத்திலேயே எழுந்தன. தயாள சிந்தையுடன் கொடுத்தவர்களைக் குறைகூறுவது நமது நோக்கமன்று. படகின் எண்ணிக்கையை எண்ணியவர்கள் அதன் உள்ளடக்கை எண்ணவில்லை என்பதே நாம் எடுத்துக்காட்ட விரும்புவது.

கொப்புளம் கண்டவுடன் படகு மூழ்கிவிடும் என்று எவரும் பீதியடைய வேண்டாம். சில கொப்புளங்களுடன் பல வருஷம் ஓடும் படகுகள் உண்டு. ஆனால் நீர் ஊறிய படகு கனக்கிறது. கனத்த படகு அதிக எண்ணெய் குடிக்கிறது. விற்கப் போனால் விலை படிவதில்லை. கவனியாமல் விட்டால் நாரும் ரெசினும் ஒன்றைவிட்டொன்று பிரிந்து, அடுக்குகள் கழன்று, படகு வலுவிழக்கிறது. ஆபத்து மெதுவாக வருவது. மெதுவாக வருவதாலேயே அதை நாம் அலக்ஷியம் செய்கிறோம்.

கட்டும் கூடத்தின் கடமை

இந்நோய்க்கு வித்து கடலில் விதைக்கப்படுவதில்லை. படகு கட்டும் கூடத்தில் விதைக்கப்படுகிறது. ஆகையால் முதற் பொறுப்பு கட்டுவோரையே சாரும்.

பாலியெஸ்டர் ரெசினில் பல தரங்கள் உண்டு. ஆர்த்தோ எனப்படும் தரம் மலிவானது. நீரின் தாக்குதலுக்கு எளிதில் இடங்கொடுப்பது. ஐஸோ எனப்படும் தரம் அதைவிட நீரை எதிர்ப்பது. வினைல் எஸ்டர் இவ்விரண்டிலும் மேலானது. படகு முழுவதையும் உயர்ந்த ரெசினாலேயே கட்டவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஜெல்கோட்டும் அதனை அடுத்த ஓரிரண்டு அடுக்குகளும் ஐஸோவாலோ வினைல் எஸ்டராலோ அமைந்தால் பெரும்பான்மைத் தொல்லை தீர்ந்துவிடும். செலவு மிகுவது அந்த வெளித்தோலுக்கு மட்டுமே. அச்சிறு தொகையை மிச்சப்படுத்தி மீனவரின் தலையில் பெரும் தொகையைச் சுமத்துவது நேர்மையான வியாபாரமாகாது.

மேட்டிலும் இரண்டு வகை உண்டு. நாரை ஒட்டவைக்கும் பசை தூளாக இடப்பட்டது ஒன்று. பால்போன்ற குழம்பாக இடப்பட்டது மற்றொன்று. பின்னதன் பசை நீருக்கு இளகுவது. ஜெல்கோட்டை அடுத்த அடுக்குக்குத் தூள்வகை மேட்டையே உபயோகிக்க வேண்டும். எவ்வகையாயினும் மேட் ஈரமாயிருக்கக் கூடாது. மழைக்காலத்தில் ஓலைப் பந்தலின் கீழ், சாரல் அடிக்கும் இடத்தில் படகு வார்ப்பது நோயையும் சேர்த்து வார்ப்பதாகும்.

அடுத்தது காட்டலிஸ்ட். நமது வெயிலில் ரெசின் சீக்கிரம் இறுகிவிடுவதால், வேலைக்கு அவகாசம் தேடித் தொழிலாளர் காட்டலிஸ்டைக் குறைத்துவிடுவதுண்டு. குறைந்தால் ரெசின் பாதி வெந்த சோறுபோல் நின்றுவிடும். மேலே கெட்டியாகத் தோன்றினாலும் உள்ளே கரையும் வஸ்து மிஞ்சியிருக்கும். இதற்குப் பரிகாரம் காட்டலிஸ்டைக் குறைப்பதன்று. ரெசினைச் சிறிது சிறிதாகக் கலப்பதும், வெயில் ஏறுமுன் வேலையை முடிப்பதுமே பரிகாரம். அளவைக் கண்ணால் மதிப்பிடாமல் அளவு பாத்திரத்தால் அளக்க வேண்டும். கறிக்கு உப்பிடுவதுபோல் கைவாகில் காட்டலிஸ்ட் ஊற்றும் வழக்கம் ஒழியவேண்டும்.

உருளையால் காற்றை முற்றிலும் வெளியேற்றுவதும், அச்சிலிருந்து எடுத்த படகு நன்றாய் முற்றும்வரை காத்திருந்து பின்னர் நீரில் இறக்குவதும் அதே அளவு முக்கியமானவை. இவையெல்லாம் பெரிய யந்திரங்களைக் கோரும் காரியங்களல்ல. ஒழுங்கைக் கோரும் காரியங்கள். சுதேசிக் கைத்தொழில் வளரவேண்டும் என்று இப்பத்திரிகை ஓயாமல் எழுதிவருகிறது. நம்மவர் செய்தது என்பதற்காக மட்டும் ஒரு பொருளை வாங்கும்படி நாம் எவரையும் கேட்டதில்லை. நம்மவர் செய்தது, நன்றாய்ச் செய்தது என்ற இரண்டும் சேர்ந்ததே சுதேசியம்.

மீனவர் செய்யத்தக்கவை

புதுப் படகு வாங்குவோர், அதை முதன்முதல் நீரில் இறக்குமுன்னரே, நீர் மட்டத்துக்குக் கீழ்ப்பட்ட பாகத்துக்கு எபாக்ஸி பூச்சு இடுவது எல்லாவற்றிலும் மலிவான காப்பு. நீரைத் தடுப்பதில் எபாக்ஸி பாலியெஸ்டரைவிட வெகுவாகச் சிறந்தது. ஒரே பூச்சாகத் தடித்துப் பூசாமல், ஐந்தாறு மெல்லிய பூச்சாகப் பூசி, மொத்தம் கால் மில்லிமீட்டருக்குக் குறையாத கனம் வரச் செய்யவேண்டும். பூசுமுன் ஜெல்கோட்டின் மேலுள்ள மெழுகைத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும். இல்லையேல் பூச்சு பிடிக்காது. சாதாரண எனாமல் பெயிண்டோ, பாசி பிடிக்காமலிருக்க அடிக்கும் பெயிண்டோ இக்காரியத்தைச் செய்யமாட்டா. அவை அழகுக்கும் பாசிக்கும் ஆனவை. நீரைத் தடுப்பவை அல்ல.

படகின் உட்புறத்தில் தண்ணீர் தேங்கவிடக் கூடாது. ஐஸ் நீரை அன்றன்றே இறைத்துவிட வேண்டும். வேலையில்லாத நாட்களில், மழைநீர் தங்காதபடி படகை மூடியோ சாய்த்தோ வைக்கவேண்டும். நார் தெரியும்படி விடப்பட்ட உட்பரப்புக்கு ஒரு நல்ல பூச்சு இடுவதும் நலம். மணலில் இழுபட்டு ஏராப்பகுதியில் ஜெல்கோட் தேய்ந்து நார் வெளிப்பட்டால், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் அந்நார் வழியே நீர் உள்ளே செல்லும். ஆகையால் அவ்விடத்தை அவ்வப்போது பழுதுபார்த்து, தேய்வதற்கென்றே ஒரு கூடுதல் பட்டை வைத்துக்கொள்ள வேண்டும்.

துறைமுகத்தில் மிதக்கும் படகுகள் வருஷத்துக்கு ஒரு முறையாவது கரையேறி உலரவேண்டும். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையில் 61 நாள் மீன்பிடித் தடை விதிக்கப்படுகிறது. கத்திரி வெயில் கொளுத்தும் அக்காலத்தைப்போல் படகு உலர்த்தத் தகுந்த காலம் வேறில்லை. தடையை நஷ்டமாக மட்டும் எண்ணாமல், படகுக்கு மருந்திடும் காலமாகவும் கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம்.

முன்னரே கொப்புளம் கண்ட படகுக்குரிய சிகிச்சை வருமாறு. கரையேற்றிய உடனேயே அடிப்புறத்தைப் பார்த்து, கொப்புளங்களைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்ள வேண்டும். உலர்ந்தபின் சில அடங்கி மறைந்துவிடும். குத்தும்போது கண்ணுக்குக் கண்ணாடி அணிவது அவசியம். உள்ளிருக்கும் அமிலத் திரவம் அழுத்தத்துடன் பீறிடும். சில கொப்புளங்களேயாயின் ஒவ்வொன்றையும் நல்ல பகுதி தெரியும்வரை தேய்த்துத் திறந்து, நல்ல தண்ணீரால் பலமுறை கழுவ வேண்டும். நல்ல தண்ணீர் கெடுதல் என்று சொல்லிவிட்டு அதனாலேயே கழுவச் சொல்வது முரண்பாடன்று. உள்ளே தங்கிய கிளைக்காலும் அமிலமும் வெறும் வெயிலுக்கு ஆவியாகா, கழுவினால்தான் வெளியேறும். கழுவியபின் நன்றாய் உலர்த்தி, எபாக்ஸி மக்கால் குழிகளை நிரப்பி, மேலே முன் சொன்ன பூச்சை இடவேண்டும். பாலியெஸ்டர் மக்கை இட்டு அடைப்பது, நோய் தந்த பொருளையே மருந்தாகக் கொடுப்பதாகும்.

அடிப்புறம் முழுவதும் கொப்புளித்திருந்தால் ஜெல்கோட்டையே சுரண்டி எடுத்து, வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், கழுவுவதும் உலர்த்துவதுமாக இருக்க வேண்டும். உலர்ந்ததா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. ஒரு பிளாஸ்டிக் தாளைப் படகின்மேல் ஒட்டி நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாமல் அடைத்து, ஒரு நாள் கழித்துப் பார்த்தால், உள்ளே ஈரம் இருப்பின் தாளின் அடியில் வியர்த்திருக்கும். வியர்வை உள்ளவரை பூச்சிடக் கூடாது. அவசரப்பட்டு ஈரத்தின்மேல் எபாக்ஸி பூசினால், நோயை உள்ளேவைத்துக் கதவைச் சாத்தியதாக முடியும்.

சட்டமும் சர்க்காரும்

இவ்வளவும் சொன்னபின் ஒரு கேள்வி எழுகிறது. கட்டுவோரின் அஜாக்கிரதையால் வந்த நஷ்டத்தை மீனவர் ஏன் சுமக்கவேண்டும்? வாங்குவோனே விழிப்பாயிருக்கட்டும் என்பது பழைய ஆங்கிலச் சட்டத்தின் கோட்பாடு. நமது தேசத்தில் 1930-ம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-வது பிரிவு இக்கோட்பாட்டை முதலில் ஏற்றுக்கொண்டு, உடனே அதற்கு வரம்பும் விதித்திருக்கிறது. எந்தக் காரியத்துக்காக வாங்குகிறேன் என்பதைத் தெரிவித்து, அத்தகைய சரக்கை விற்பதையே தொழிலாகக் கொண்டவரின் திறமையை நம்பி வாங்கினால், அக்காரியத்துக்குச் சரக்கு ஏற்றதாயிருக்க வேண்டும் என்பது விற்பனையில் அடங்கிய நிபந்தனையாகும். வாங்குமுன் சரக்கைச் சோதித்துப் பார்த்தவர், அச்சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்குப் பின்னர் குறைகூற முடியாது. பளபளக்கும் தோலுக்குள் மறைந்திருக்கும் ரெசின் வேகாத குறையை எந்த மீனவர் கண்ணால் காண முடியும்?

2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் இங்கே துணைக்கு வருகிறது. வியாபாரத்துக்காகப் பொருள் வாங்குவோர் அச்சட்டத்தின் கீழ் நுகர்வோர் ஆகமாட்டார். ஆனால் சுயதொழிலால் தம் ஜீவனத்தைத் தேடிக்கொள்வதற்கு மட்டுமே வாங்கி உபயோகிப்பவருக்கு அந்த விலக்கு இல்லை. தாமே கடலுக்குச் சென்று பிழைக்கும் சிறு மீனவர் ஜில்லா நுகர்வோர் கமிஷனில் முறையிட இது இடந்தருகிறது. வழக்குக் காரணம் தோன்றியதிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் முறையிட வேண்டும். ஆனால் கையில் ரசீதும் எழுத்துமின்றி எந்தச் சட்டமும் உதவாது. எந்த ரெசின், எந்த மேட், எத்தனை அடுக்கு, கட்டி முடித்த தேதி எது என்பவற்றை எழுதிக் கையெழுத்திட்ட சீட்டு இல்லாமல் எவரும் படகு வாங்கக் கூடாது என்பது நமது யோசனை.

இனாமாகவோ மானியத்திலோ படகு பெறுவோருக்கு இந்த உரிமையும் எளிதில் கைகூடாது. விலை கொடுத்தவர் ஒருவர், கடலில் இறங்குபவர் வேறொருவர். ஆதலால் பொதுப் பணத்தால் படகு கொடுக்கும் சர்க்காரும் ஸ்தாபனங்களும் வாங்குவோருக்குரிய விழிப்பைத் தாமே ஏற்கவேண்டும். அதற்குரிய பரிசோதனைகள் கடினமானவை அல்ல. எஞ்சின் பொருத்தத் துளையிடும்போது கிடைக்கும் துண்டை எரித்து, மிஞ்சும் நாரை நிறுத்தால் நாருக்கும் ரெசினுக்கும் உள்ள விகிதம் தெரிந்துவிடும். பார்க்கால் என்னும் சிறு கருவியைப் பரப்பின்மேல் அழுத்தினால் ரெசின் முற்றியதா என்பது தெரியும். அசிட்டோன் நனைத்த துணியால் உட்புறத்தைத் துடைத்துப் பார்த்தாலே, பிசுபிசுக்கும் பரப்பு தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொள்ளும். மீன்துறை உத்தியோகஸ்தர்கள் படகை எண்ணிக் கையெழுத்திடுவதற்குமுன் இச்சோதனைகளைச் செய்யவேண்டும் என்று உத்தரவிட ஒரு புதிய சட்டம் தேவையில்லை. மனம் இருந்தால் போதும்.

ஏழை மீனவருக்கு எபாக்ஸியும் ஐஸோ ரெசினும் கட்டுபடியாகுமா என்று சிலர் ஆக்ஷேபிக்கலாம். அவர்களுக்கு நமது விடை இதுதான். மலிவான படகை இருமுறை வாங்குவதற்கே ஏழைக்குக் கட்டுபடியாகாது. செல்வன் ஒரு படகு கெட்டால் மற்றொன்று வாங்குவான். ஏழைக்கு ஒரே படகு. அது நன்றாயிருந்தே தீரவேண்டும். தரம் என்பது தனவந்தரின் ஆடம்பரமன்று, ஏழையின் அவசியம்.

படகை உலர்த்துவதும், ஐஸ் நீரை இறைப்பதும், பூச்சைக் காப்பதும் மீனவர் கையில் இருக்கின்றன. நல்ல ரெசினால், சரியான அளவில், ஈரமின்றிக் கட்டுவது கட்டுவோர் கையில் இருக்கிறது. அப்படிக் கட்டியதா என்று பார்ப்பது சர்க்கார் கையில் இருக்கிறது. முதற் கடமையை நமது மீனவர்கள் கட்டுமரக் காலத்திலிருந்தே நன்கறிவார்கள்; சொல்லிக்கொடுத்தால் இன்றும் தவறமாட்டார்கள். மற்ற இரு கடமைகளையும் அவற்றுக்குரியவர்கள் இனியேனும் தவறாமல் ஆற்றுவார்களென எதிர்பார்க்கிறோம்.